கோணிய விரல்கள் தந்த பார்வை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் பிறந்ததும் நமது தேவ்நார் கிளையில் ஓய்வூதியர்களின் கூட்டம் பெருகும். உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வரும் பெரியோர்களுள் சிலருடைய கையொப்பம் வங்கிப் பதிவிலுள்ள மாதிரியுடன் பொருந்துவதில்லை. கை நடுக்கமே காரணம் என்று முதலில் எண்ணத் தோன்றும். சற்றுக் கவனித்தால், கையொப்பமிட வேண்டிய கோடே அவர்களுக்குத் தெரியவில்லை என்பது விளங்கும். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த பெரியவர் ஒருவரிடம், கண் மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "புரை இன்னும் முற்றவில்லை தம்பி. முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். செலவைப் பற்றிய கவலையும் அவர் பேச்சில் தெரிந்தது.

இந்த இரண்டு தயக்கங்களும் எவ்வாறு தோன்றின, எவ்வாறு பொருளற்றுப் போயின என்பதை அறிய, சில அறுவை மருத்துவர்களின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

நமது கண்ணுக்குள் இயற்கையாக அமைந்த வில்லை முதுமையில் ஒளி ஊடுருவாதவாறு மங்குவதே கண்புரை. மங்கிய வில்லையை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து விலக்கும் முறை சுசுருத சங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் ழாக் தவியேல், கண்ணைக் கீறி வில்லையை வெளியே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எனினும், வில்லையை இழந்த கண்ணுக்குத் தடித்த 'சோடாபுட்டிக்' கண்ணாடியே துணையாக இருந்தது. புரை முற்றினால்தான் வில்லையை முழுமையாக எடுப்பது எளிது என்பதும் அக்கால நிலை. ஆகவே, வேறு வழியில்லை என்னும் நிலை வரும் வரை அறுவையைத் தள்ளிப்போடுவது வழக்கமாயிற்று.

இந்நிலையை மாற்றியவர் இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுக்குள் பாய்ந்த விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குப் பெருந்தீங்கு செய்யாமல் தங்கியிருந்ததை அவர் கண்டார். அதே வகைப் பொருளால் வில்லை செய்து, 1949-இல் நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். உடன் பணியாற்றிய மருத்துவர்கள் பலர் பல்லாண்டுக் காலம் அவரை எதிர்த்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் கண்புரை அறுவைக்கு அவர் கண்ட வழியே அடிப்படை.

வழி பிறந்துவிட்டது, ஆனால் ஏழைக்கு அது எட்டவில்லை. அதை எட்டச் செய்தவர் எட்டயபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக விரும்பிய அவரை இளமையிலேயே முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. அவர் மனந்தளராமல் கண் மருத்துவம் பயின்று, அதே விரல்களால் நுண்ணிய கருவிகளைக் கையாளப் பழகினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1973-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அரசுப் பணியிலிருந்து 1976-இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. அவ்வாண்டே உடன்பிறந்தோரின் துணையுடன் மதுரையில் 11 படுக்கைகள் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடமானத்துக்குச் சென்றது. குடும்பத்தாரின் சேமிப்பும் நகைகளும் முதலீடாயின.

வணிகவியல் பயின்றோர் அவருடைய முறையை எளிதில் புரிந்துகொள்ளலாம். அறுவை அரங்கு, நுண்ணோக்கி, மருத்துவரின் ஊதியம் ஆகியவை நிலையான செலவுகள். பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் அவை பெரிதும் மாறுவதில்லை. எனவே, எண்ணிக்கை கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வெங்கடசாமி ஒரே மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசைகளை அமைத்தார். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். ஏனைய பணிகளைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட இளம்பெண்கள் செய்தனர். மருத்துவரின் நேரம் வீணாகவில்லை. இடைவிடாத பழக்கத்தால் கைத்திறனும் கூடியது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைத்த உபரியே, செலுத்த இயலாதோரின் செலவை ஈடுசெய்தது.

எஞ்சியது வில்லையின் விலை. வெளிநாட்டு வில்லை ஒன்று ஏறத்தாழ 100 டாலர் விற்ற காலத்தில், 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு உருவான வில்லைகள் ஏறத்தாழ 10 டாலருக்குக் கிடைத்தன. பின்னர் பல நாடுகளுக்கும் சென்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர்களும் இம்மருத்துவமனையைப் பாடமாகப் பயின்றனர். 2006-இல் வெங்கடசாமி மறைந்தார். அவர் புதிய அறுவை முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த முறையை எளியோர் வாயிலுக்குக் கொண்டு சேர்த்ததே அவரது சாதனை.

இனி நமது வாடிக்கையாளர்கள் கருத வேண்டியவை சில. புரை முற்றட்டும் எனக் காத்திருக்கத் தேவையில்லை. மிகவும் முற்றிய புரையை அகற்றுவது கடினம், சிலருக்குக் கண் அழுத்தமும் உயரக்கூடும். படிக்கவும் நடக்கவும் இடையூறு தோன்றினாலே மருத்துவரை அணுகலாம். நீரிழிவு உள்ளோர்க்குப் புரை முன்னதாகவே தோன்றலாம். வில்லைகளின் வகைக்கேற்பக் கட்டணம் பெரிதும் மாறுபடும். எளிய வில்லையின் கட்டணத்தையும் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். பல மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் கண்புரைக்குக் காத்திருப்புக் காலமும் தொகை வரம்பும் உண்டு. ஆவணத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

அறுவைக்குப் பின் கையொப்பம் மாறியிருந்தால், கிளைக்கு வந்து புதிய மாதிரியைப் பதிவு செய்துகொள்ளலாம். மேலே குறிப்பிட்ட பெரியவர் இவ்வாண்டு அதற்காகவே வந்திருந்தார். கையொப்பமிட்ட பின், கணக்குப் புத்தகத்தை வாங்கி இருப்புத் தொகையைத் தாமே வாய்விட்டுப் படித்தார். சென்ற ஆண்டு அதைப் படித்துச் சொன்னவன் நான்.