'நாளைக்கு கண்டிப்பா விட்டுடுவேன்': சிகரெட்டை விடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஜனவரி 1, பிறந்தநாள், வீட்டில் செய்து கொடுத்த சத்தியம் என்று தேதி குறித்து எத்தனை முறை சிகரெட்டை விட்டிருப்பீர்கள்? மூன்று நாள் தாக்குப்பிடித்திருப்பீர்கள். நான்காம் நாள் மாலை மேனேஜரிடமிருந்து ஒரு மெயில் வரும். அடுத்த பத்து நிமிடத்தில் ஆபீஸ் வாசல் டீக்கடையில் நிற்பீர்கள்: "அண்ணா, ஒரு கிங்ஸ்."

அப்புறம், "நமக்கெல்லாம் வில்பவரே இல்லப்பா" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள். உண்மையில் பிரச்னை அது மட்டும்தானா? 2016-17இல் இந்தியாவில் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4% பேர் அதை விடத் திட்டமிட்டிருப்பதாகவோ, விடுவது பற்றி யோசிப்பதாகவோ சொன்னார்கள். ஆசைக்குப் பஞ்சமில்லை. தடுப்பது வேறு.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அது டோபமைனைச் சுரக்க வைக்கிறது. 'இது நல்லா இருக்கு, திரும்பச் செய்' என்று மூளைக்குக் கற்றுத்தரும் ரசாயனம் இது.

தொடர்ந்து புகைக்கும்போது, நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளின் எண்ணிக்கையை மூளை கூட்டிக்கொள்கிறது. இனி அவற்றுக்குத் தீனி போட்டால்தான் நீங்கள் இயல்பாக இருக்க முடியும். ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்ததும் முதல் வேலையாகக் கை பாக்கெட்டைத் தேடுவது இதனால்தான்.

தம் அடிச்சா டென்ஷன் குறையுதே?

குறைகிற மாதிரிதான் இருக்கும். ஆனால், அந்த எரிச்சலிலும் படபடப்பிலும் பெரும்பங்கு, முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்தது. போன சிகரெட் வைத்துவிட்டுப் போன கடனை, இந்த சிகரெட் அடைக்கிறது. அதை நாம் நிம்மதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

டீயைப் பார்த்தாலே ஏன் தோன்றுகிறது?

ஒரு சிகரெட்டுக்கு 10 இழுப்பு, நாளைக்கு 10 சிகரெட் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 36,500 முறை. இவ்வளவு ஒத்திகை வேறு எந்தப் பழக்கத்துக்கு இருக்கிறது? டீ, சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், டெட்லைன், "வா மச்சி, கீழ போயிட்டு வரலாம்" என்கிற நண்பனின் குரல் என எல்லாமே மூளைக்கு மணி அடிக்கும். உடலிலிருந்து நிகோடின் போன பிறகும் இந்த மணி பல மாதங்கள் ஒலிக்கும். "ஒண்ணே ஒண்ணு மட்டும்" என்பது ஆபத்தாவது இங்கேதான்.

எந்த நாட்கள் மோசம்?

பொதுவாக முதல் 2, 3 நாட்கள். கோபம், தூக்கமின்மை, கவனச்சிதறல், அதிகப் பசி எல்லாம் வரலாம். பெரும்பாலானோருக்கு 2 முதல் 4 வாரங்களில் இவை தணியும்.

பலர் கவனிக்காத ஒன்று காபி. சிகரெட் புகை, கல்லீரல் காஃபினை வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். அதே இரண்டு கப் காபியே உங்களை அதிகம் படபடக்க வைக்கும். 'சிகரெட் இல்லாததால்தான் இப்படி' என்று தப்புக்கணக்கு போடுவீர்கள். எனவே காபியைப் பாதியாகக் குறையுங்கள்.

என்ன செய்யலாம்?

* ஆசை அலை போல எழுந்து சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்த நேரத்தை மட்டும் கடத்துங்கள். தண்ணீர் குடியுங்கள், இடத்தை மாற்றுங்கள்.

* முதல் சில வாரங்களுக்கு டீ நேரத்தையும் கடையையும் மாற்றுங்கள். நண்பர்களிடம், "என்னைக் கூப்பிடாதீங்கடா" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

* நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடைகளில் கிடைக்கும். சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. சில முறை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

* வெரனிக்லின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளை உலக சுகாதார அமைப்பு 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சொல்லாமல் இவற்றை எடுக்க வேண்டாம்.

* தேசிய புகையிலை நிறுத்த உதவி எண்: 1800-11-2356. கட்டணமில்லை.

இந்த எண் 2018 முதல் சிகரெட் பாக்கெட்டுகளிலேயே அச்சிடப்படுகிறது. ஆனால் கடையில் ஒன்று ஒன்றாக வாங்குபவர்களின் கண்ணில் அது படுவதே இல்லை. நீங்களும் அப்படித்தான் வாங்குகிறீர்கள் என்றால், இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நான்கு முறை தோற்றுவிட்டீர்களா? வெற்றிகரமாக விட்டவர்களில் பலரும் அப்படித் தோற்றவர்கள்தான். போன முறை எந்த நேரத்தில், யாரோடு, எதற்காக மறுபடி பற்றவைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த முறை தயாராக வேண்டியது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.