முள்முருங்கை தரும் பாடம்



முள்முருங்கையை நம் குடும்பங்கள் நன்றாக அறியும். கல்யாணப் பந்தலில் அதன் கிளையை நடுவதால் கல்யாண முருங்கை என்றும் சொல்கிறோம். மலாய்க்காரர்கள் டெடாப் என்பார்கள். அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டு, சளி பிடித்த பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். சிவந்த பூவுக்காகவும் நிழலுக்காகவும் பல நாடுகளில் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் இதை வரிசையாக நட்டார்கள். இந்த மரத்தை ஒரு சிறு பூச்சி எப்படிப் பட்டுப்போகச் செய்தது, பட்ட இடத்தில் மறுபடி எதை நடுவது என்பதைப் பற்றி இன்று பார்ப்போம்.

அந்தப் பூச்சி ஒரு குளவி. குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டும் குளவியை நினைத்துவிடாதீர்கள். இதன் நீளம் சுமார் 1 முதல் 1½ மில்லிமீட்டர்தான். சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களில் கிடைத்த பூச்சிகளை ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டில்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். இதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா.

பெண் குளவி முள்முருங்கையின் இளந்தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டைகளைச் செருகிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே இருந்து தின்கிறது. அந்த இடம் வீங்கி முடிச்சாகிறது; இலை தடித்துச் சுருண்டுபோகிறது. சுமார் மூன்று வாரத்தில் புதிய குளவிகள் முடிச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மரம் மறுபடி துளிர்க்கும். துளிரிலே மறுபடி முட்டை விழும். இலைதானே மரத்துக்குச் சமையலறை? அடுப்பு எரியாத வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? சேமித்து வைத்த மாவுச்சத்தும் தீர்ந்தபின் மரம் பட்டுப்போகிறது.

ஹவாய்த் தீவுகளில் இந்தக் குளவி 2005 ஏப்ரலில் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் தீவுக்குத் தீவு பரவியது. காற்றுத் தடுப்பாகவும் அழகுக்காகவும் நட்டிருந்த மரங்கள் வரிசை வரிசையாகச் செத்தன. அந்த மண்ணுக்கே உரிய விலிவிலி என்ற முருங்கை இனமும் அழியும் நிலைக்கு வந்தது. அடிமரத்தில் துளையிட்டு மருந்து செலுத்தினார்கள். அதில் பலன் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே செலவு. காட்டு மரத்துக்கு யார் செலுத்துவது? ஆகவே ஆப்பிரிக்காவுக்கே போய், இந்தக் குளவியின் புழுவைத் தின்னும் வேறொரு குளவியைத் தேடிப் பிடித்தார்கள். அது மற்ற உயிர்களுக்குக் கேடு செய்யாது என்று சோதித்த பிறகு, 2008 நவம்பரில் ஹவாயில் பறக்கவிட்டார்கள். அதன்பின் விலிவிலி மரங்களின் தளிர்கள் பெரும்பாலும் தேறின. ஆனால் ஊருக்குள் முன்பே பட்டுப்போன மரங்கள் திரும்பி வரவில்லை. அங்கே புதிதாகத்தான் நட வேண்டியிருந்தது.

இவ்வளவு விரைவாக வரிசை முழுவதும் சாகக் காரணம் என்ன? முள்முருங்கையை விதை போட்டு வளர்ப்பவர் குறைவு. போத்து வெட்டி நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். ஒரே மரத்தின் போத்துகளை நூறு இடத்தில் நட்டாலும், அவை குணத்தில் ஒரே மரம்தான். ஒன்று தோற்றால் நூறும் தோற்கும். பால்மரத்திலும் இந்தப் பாடம் உண்டு. பிரேசில் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவாக நிற்கும். அவற்றை நெருக்கமாக நட்டு, ஃபோர்டு நிறுவனத்தார் 1928இல் தொடங்கிய தோட்டத்தை இலைக்கருகல் நோய் பாழாக்கியது.

ஆகவே லயத்து முன்புறத்திலோ, கோவில் வளாகத்திலோ, பள்ளித் திடலிலோ மறுநடவு செய்யும்போது ஒரே வகையை நடாதீர்கள். பிராங்க் சாந்தமோர் என்ற அமெரிக்க மரவியல் அறிஞர் 1990இல் ஒரு கணக்குச் சொன்னார். மொத்த மரங்களில் ஓர் இனம் 10 விழுக்காட்டுக்கும், ஒரு பேரினம் 20 விழுக்காட்டுக்கும், ஒரு குடும்பம் 30 விழுக்காட்டுக்கும் மிகக்கூடாது. இருபது மரம் நடுவதானால் ஒரே இனத்தில் இரண்டு போதும். ஒரு பேரினத்தில் நான்கு. ஒரு குடும்பத்தில் ஆறு. நாவலும் ஜம்பு ஆயரும் ஒரே பேரினம். சரக்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் முள்முருங்கையும் ஒரே குடும்பம். மகிழம், புன்னை, பூமருது, வேம்பு, நாவல், சரக்கொன்றை என்று கலந்து நடுங்கள். பூமருதைத்தான் இங்கே பூங்கோர் என்கிறோம். ஆலையும் அரசையும் சுவரோரம் வைக்க வேண்டாம்.

நடுமுன் பட்ட மரத்தை அகற்ற வேண்டும். முள்முருங்கை மென்மரம்; காய்ந்த கிளை திடீரென முறிந்து விழும். பிள்ளைகள் நடமாடும் இடமானால் நிர்வாகத்திடம் உடனே சொல்லுங்கள். முடிச்சு விழுந்த தளிர்களைக் குப்பையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். முக்கியமாக, அத்தகைய மரத்தின் கிளையைக் கல்யாணத்துக்கென்று வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். பந்தக்காலோடு குளவியும் சேர்ந்து போய்விடும். முடிச்சில்லாத கிளையை உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குழியின் அகலம் கன்றின் வேர்க்கட்டைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டின் உயரத்துக்கு மேல் வேண்டாம். பாலித்தீன் பையைக் கிழித்து, வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவையே பிற்காலத்தில் மரத்தின் கழுத்தை நெரிக்கும். சருகைச் சுற்றிலும் பரப்புங்கள்; தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள். மழை பெய்யாத நாட்களில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை வீட்டுக்கு ஒரு கன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நேயர்களே, நிழல் தரும் மரத்தைச் சந்தையில் வாங்கிவர முடியாது. பல ஆண்டுகள் காத்திருந்துதான் பெற வேண்டும். அந்தக் காத்திருப்பு ஒரு சிறு பூச்சியால் வீணாகாதிருக்க வேண்டுமானால், பல இனங்களைக் கலந்து நடுவோம்.