மாதம் ஓர் ஆயிரம்

ஏழைக்கு உதவ வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எவ்வாறு உதவுவது என்பதிலேதான் வேறுபாடு. அரிசியாகவும் சீருடையாகவும் கொடுப்பதே நன்று, காசாகக் கொடுத்தால் மதுக்கடைக்குப் போய்விடும் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவனுக்கு, பிறருக்குப் பொறுப்பில்லை என்று நினைப்பது எளிதில் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. தகுதியுடைய குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பாடாயிற்று. தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிர் அதனைப் பெற்றனர். இடையில் எவர் கையும் படாமல், பணம் அவரவர் வங்கிக் கணக்கிற்கே சென்றது.

எங்கள் ஊரில் கூலிவேலை செய்யும் அம்மையார் ஒருவர், முன்பு என்னிடம் படித்தவர். கணவரின் மருத்துவத்திற்காக 4,000 ரூபாய் கடன் பட்டிருந்தார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. மாதந்தோறும் 200 ரூபாய் கட்டுவார். முதல் அப்படியே நிற்கும். இருபது மாதத்தில் வட்டி மட்டுமே 4,000 ஆகிவிடும். கடனோ ஒரு காசும் குறையாது. வறுமை ஒரு வீட்டில் வேரூன்றி நிற்பது இப்படித்தான்.

உரிமைத் தொகை வந்தபின் அவர் மாதம் 600 ரூபாய் கட்டத் தொடங்கினார். முதல் மாதம் வட்டி 200 போக, முதலில் 400 குறைந்தது. மறுமாதம் வட்டி 180 ஆயிற்று. முதலில் 420 குறைந்தது. இவ்வாறு வட்டி தேயத் தேய, ஒன்பதாம் மாதம் கடன் தீர்ந்தது. எஞ்சிய 400 ரூபாயில் பருப்பும் முட்டையும் வாங்கினார். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திப் பஞ்சாலைக்கு அனுப்ப எண்ணியிருந்த மகளைப் பத்தாம் வகுப்பில் சேர்த்தார்.

“ஆயிரம் பெரிய தொகை இல்லை, ஐயா. மழையில் வேலை இல்லாவிட்டாலும் அது வரும் என்று தெரிகிறதே, அதுதான் பெரிது” என்றார் அவர்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமா? 2011, 2012ஆம் ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், சேவா என்னும் மகளிர் அமைப்பு யூனிசெஃபின் துணையோடு மாதந்தோறும் பணம் கொடுத்து ஆராய்ந்தது. உணவும் பிள்ளைகளின் பள்ளி வருகையும் மேம்பட்டன. குடிச்செலவு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. என் பழைய ஐயம் அத்தோடு அகன்றது.

ஆனால், காசு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் கூற வரவில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கும் மருத்துவர் இல்லாத மருத்துவமனைக்கும் ஆயிரம் ரூபாய் ஈடாகாது. விலைவாசி ஏற ஏற, ஏறாத தொகை சுருங்கும் என்பதும் உண்மை.

கொடுப்பவர்க்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. குறித்த நாள் தவறாமல் கொடுங்கள். அந்த நாளை நம்பித்தான் ஒரு தாய் கடனையும் அடுப்பையும் மகளின் படிப்பையும் திட்டமிடுகிறாள். அது தவறினால், வட்டிக்காரர் வீட்டு வாசலில் அவள் மறுபடியும் நிற்க நேரும்.