வேலி எங்கே போயிற்று?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டப்போ என்று ஓர் ஊர் இருக்கிறது. சிட்னியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.  பள்ளி விடுமுறை விட்டால் போதும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள சக்கர வீடான கேரவனைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இந்த ஊருக்கு வந்துவிடுவார்கள். எதற்காகத் தெரியுமா? 1977-இல் திறக்கப்பட்ட தரோங்கா வெஸ்டர்ன் பிளெய்ன்ஸ் உயிரியல் பூங்காவைப் பார்க்கத்தான்!

பூங்காவின் பரப்பு சுமார் 300 ஹெக்டேர், அதாவது 740 ஏக்கர். காரிலோ சைக்கிளிலோ சுற்றிப் பார்க்கலாம். வழியில் இறங்கி நின்றால், எதிரே ஒட்டகச்சிவிங்கி இலை தின்றுகொண்டிருக்கும். நடுவில் கம்பி இல்லை, சுவரும் இல்லை. அப்படியானால் அது ஏன் நம் பக்கம் வருவதில்லை?

தரையைக் கவனித்துப் பாருங்கள். புல்வெளி ஓரிடத்தில் பள்ளமாக இறங்குகிறது. அந்த அகழிதான் வேலி! பல அகழிகள் விலங்கு இருக்கும் பக்கம் சரிவாகவும், நாம் நிற்கும் பக்கம் செங்குத்தாகவும் வெட்டப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளி நின்றால் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. நம் பக்கத்துப் புல்லும் அந்தப் பக்கத்துப் புல்லும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வெளியாகத் தோன்றும்.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். எந்த விலங்கு எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் எகிறும் என்று சோதித்து, அதற்கேற்ப அகழி வெட்டி, 1907-இல் ஹாம்பர்க்கில் ஒரு பூங்காவைத் திறந்தார்.

ஆகவே, வேலி அமைப்பவர் முதலில் விலங்கின் உடம்பைப் படிக்க வேண்டும். யானையால் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து தூக்க முடியாது. அதனால் அது குதிப்பதில்லை. அதன் எட்டுக்கு எட்டாத அகலத்தில் ஓர் அகழி இருந்தால் போதும். சியாமங் என்ற வாலில்லாக் குரங்கு கிளைக்குக் கிளை பாய்வதில் கெட்டி, ஆனால் அதற்கு நீச்சல் தெரியாது. டப்போவில் அதற்கு ஏரி நடுவே ஒரு தீவையே கொடுத்திருக்கிறார்கள். புலியோ நீந்தும், தாவும், ஏறும். சின்ன அகழி அதற்குப் போதாது. உயரமான வேலியோ, தாண்ட முடியாத அகலமான அகழியோ வேண்டும்.

விலங்கின் உடம்பைப் படிப்பது வேலிக்காக மட்டுமல்ல. டப்போவில் காண்டாமிருகங்களின் உதடுகளைப் பார்க்க மறக்காதீர்கள். வெள்ளைக் காண்டாமிருகத்தின் உதடு அகலமாக, தட்டையாக இருக்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டு புல்லை வரிசையாக மேய அதுவே வசதி. கறுப்புக் காண்டாமிருகத்தின் மேலுதடு கூராக முன்னால் வளைந்திருக்கும். புதரில் ஒரு குச்சியை அந்த உதட்டால் சுற்றிப் பிடித்து, இழுத்து, வாய்க்குள் தள்ளி மெல்லும். நிறத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, இரண்டும் சாம்பல் நிறம்தான். உதட்டைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

கொம்புக்காக வேட்டையாடியதால், 1970-இல் ஏறத்தாழ 65,000 ஆக இருந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் 1990களின் நடுவில் 2,500-க்கும் கீழே குறைந்துவிட்டன. பெரும்பாலும் தனித்தே வாழும் இந்த விலங்குக்கு ஒதுங்கி இருக்க நிறைய இடம் வேண்டும். டப்போவில் அந்த இடம் இருக்கிறது; கன்றுகளும் பிறந்திருக்கின்றன. பரந்த வெளி நம் கண்ணுக்கு அழகு என்பது உண்மைதான். ஆனால் விலங்குகள் பெருகுவதற்கு அது தேவை என்பதுதான் முக்கியம்.

இடம் மட்டும் இருந்தால் போதுமா? பிரெஷ்வால்ஸ்கி குதிரையைக் கேளுங்கள், சொல்லும். குட்டையான உடம்பு, விறைத்து நிற்கும் பிடரிமயிர். மங்கோலியப் புல்வெளிகளில் இந்தக் காட்டுக்குதிரை கடைசியாகத் தென்பட்டது 1969-இல். அதன்பின் உயிரியல் பூங்காக்களில் இருந்தவை மட்டுமே மிச்சம். அவையும் பதினைந்துக்கும் குறைவான காட்டுக்குதிரைகளின் வாரிசுகள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் குட்டிகள் நலிவடையும். அதனால் எந்தக் குதிரைக்கு எது தாய், எது தந்தை என்று பிராக் நகரப் பூங்கா 1959 முதல் வம்சாவளிப் பதிவேடு எழுதிவருகிறது. அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். 1992-இல் குதிரைகள் மங்கோலியாவுக்குத் திரும்பத் தொடங்கின. 1990களில் டப்போவிலிருந்தும் சில குதிரைகள் போய்ச் சேர்ந்தன. இன்று அவை அங்கே சுதந்திரமாகக் குட்டி ஈன்று வாழ்கின்றன.

இனி கேரவனை மாட்டுங்கள். டப்போவிலிருந்து தென்கிழக்கே 50 கிலோமீட்டர் போனால் வெலிங்டன் குகைகள். 1830-இல் இங்கே விசித்திரமான எலும்புகள் கிடைத்தன. அவற்றை இங்கிலாந்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், 1838-இல் அந்த விலங்குக்கு டைப்ரோடோடான் என்று பெயர் வைத்தார். வாம்பாட் என்ற இன்றைய ஆஸ்திரேலிய விலங்கின் உறவினம்; வயிற்றுப் பையில் குட்டி வளர்த்த விலங்கு. எடையோ இரண்டரை டன்னுக்கும் மேல், இரண்டு கார்களின் எடை! பையுள்ள விலங்குகளில் இதைவிடப் பெரியது இருந்ததில்லை. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அது அழிந்தது. வறட்சியாலா, மனிதர்களாலா, இரண்டும் சேர்ந்தா என்று விஞ்ஞானிகள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

குதிரை திரும்பி வந்தது, டைப்ரோடோடான் வராது. பதினைந்துக்கும் குறைவாக இருந்தாலும், உயிரோடு சில மிஞ்சியிருந்தால் ஓர் இனத்தை மீட்க வழி உண்டு. எலும்பு மட்டும் மிஞ்சினால், அதைப் படிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே எண்ணிக்கை குறையத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் அகழிகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்குகளைப் பெருக்கும் பணியும் அங்கே நடக்கிறது. அடுத்த முறை போகும்போது நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். எந்த விலங்குக்கு என்ன வேலி, ஏன் அந்த வேலி? அந்த விலங்குக்குச் சொந்தமான காடு எது, அந்தக் காடு இப்போது எப்படி இருக்கிறது? பார்த்து, கேட்டு, எழுதி வாருங்கள்.