சொடுக்கினால் திறக்க வேண்டும்
ஸ்லைடு தொகுப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றும்போது இணைப்புகளைக் காக்கும் முறை

தொழில் கடன் கோரும் சிறு தொழில்முனைவோர், வீட்டுவசதிச் சங்கச் செயலர்கள், சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், கல்வி நிறுவனத்தினர் எனப் பலரும் இன்று தங்கள் திட்டங்களை ஸ்லைடு தொகுப்பாகவே தயாரிக்கின்றனர். பின்னர் அதனைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றி, மின்னஞ்சல் வழியே வங்கிக்கோ வணிகக் கூட்டாளிக்கோ அனுப்புகின்றனர். இது நல்ல வழக்கமே. பிடிஎஃப் கோப்பு எந்தக் கணினியிலும் ஒரே தோற்றத்தில் திறக்கும்; எழுத்துரு மாறாது; பக்கம் கலையாது.

ஆனால் ஒன்று மட்டும் பல வேளைகளில் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. ஸ்லைடில் நீல நிறத்தில் அடிக்கோடிட்டு வைத்த இணைப்பு, பிடிஎஃப் கோப்பில் நிறத்தையும் கோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. பெறுபவர் சொடுக்கிப் பார்க்கிறார், ஒன்றும் நிகழ்வதில்லை. அனுப்பியவரோ தம் கணினியில் உள்ள மூலக் கோப்பில் இணைப்பு ஒழுங்காகத் திறப்பதைக் கண்டு நிம்மதியாக இருக்கிறார்.

இதைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது. இயந்திரம் வாங்கக் கடன் கோரும் ஒருவர், அதன் விலைப்புள்ளியை இணைப்பாகக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு திறக்காவிட்டால் அலுவலர் விளக்கம் கேட்டு எழுத வேண்டும். விண்ணப்பதாரர் பதில் அனுப்ப வேண்டும். விலைப்புள்ளிக்கோ குறிப்பிட்ட காலம்வரைதான் செல்லுபடி உண்டு. ஒரு சொடுக்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை, சில நாட்களையும் சில வேளை பழைய விலையையும் இழக்கச் செய்கிறது. ஆகவே, இணைப்பு ஏன் அறுபடுகிறது, அதை எவ்வாறு காப்பது என்பதை நாம் அறிந்திருப்பது நன்று.

இணைப்பு எங்கே இருக்கிறது?

நாம் காணும் நீல நிறச் சொல் இணைப்பு அன்று. அது இணைப்பின் முகம் மட்டுமே. செல்ல வேண்டிய முகவரி அதன் பின்னால் தனியே பதிவாகியுள்ளது. பவர்பாயிண்ட் கோப்பில் இம்முகவரிகள் ஸ்லைடின் எழுத்துகளோடு கலவாமல் வேறொரு பகுதியில் சேமிக்கப்படுகின்றன.

பிடிஎஃப் கோப்பிலும் இதே நிலைதான். அடோபி நிறுவனம் 1993-இல் அறிமுகப்படுத்திய இவ்வடிவம், 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் பக்கத்தின் எழுத்தும் படமும் ஓர் அடுக்கு. இணைப்பு அதன்மேல் வைக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகத்தைத் தொட்டால் எங்கே செல்ல வேண்டும் என்ற கட்டளை அதனுள் எழுதப்பட்டிருக்கும். மாற்றும்போது செவ்வகமும் சேர்ந்து வந்தால்தான் இணைப்பு உயிரோடு இருக்கும். எழுத்து மட்டும் வந்தால் எஞ்சுவது நிறம் பூசிய சொல்லே.

அச்சிடுதல் வேறு, ஏற்றுமதி வேறு

இணைப்புகள் அறுபடுவதற்குப் பெருங்காரணம் இந்த வேறுபாட்டை அறியாமையே. பவர்பாயிண்டில் பிடிஎஃப் உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, "பிரிண்ட்" கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறியின் இடத்தில் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, "ஃபைல்" பட்டியலில் "சேவ் ஆஸ்" அல்லது "எக்ஸ்போர்ட்" சென்று பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுப்பது.

இரண்டும் ஒரே தோற்றமுடைய கோப்பையே தருவதால், இரண்டும் ஒன்றே என்று எண்ணத் தோன்றும். உண்மையில் முதல் வழியில் மென்பொருள் ஒரு காகிதத்தில் அச்சிடுவதாகவே கருதிச் செயல்படுகிறது. காகிதத்தில் சொடுக்க எதுவும் இல்லை. எனவே முகவரிகளை அது அனுப்புவதே இல்லை. இரண்டாம் வழியில் மென்பொருள் தன்னிடமுள்ள முகவரிகளையும் சேர்த்தே பிடிஎஃப் கோப்பை எழுதுகிறது. இணைப்புள்ள ஸ்லைடு தொகுப்பை ஒருபோதும் அச்சுக் கட்டளை வழியே மாற்றக்கூடாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முதல் விதி.

கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர், "எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்" என்ற கட்டளையைக் கையாள வேண்டும். கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துவோர், "ஃபைல்" பட்டியலில் "டவுன்லோட்" சென்று பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருளின் பதிப்புக்கும் கணினியின் வகைக்கும் ஏற்பச் சில மாறுதல்கள் இருக்கக்கூடும் என்பதால், எம்முறையாயினும் மாற்றிய கோப்பைச் சோதிப்பது இன்றியமையாதது.

முகம் தெரியாத இணையதளங்களில் கோப்பைப் பதிவேற்றி மாற்றிக்கொள்வது எளிதெனத் தோன்றலாம். ஆனால் வரவு செலவுக் கணக்கும் பான் எண்ணும் கொண்ட தொகுப்பை அவ்வாறு பதிவேற்றினால், அதன் படி எங்கே தங்குகிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இராது. நம் கணினியில் உள்ள மென்பொருளே இவ்வேலையைச் செய்யும்போது அந்த இடர் தேவையற்றது.

மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

சரியான வழியில் மாற்றினாலும் சில இணைப்புகள் பெறுபவரிடத்தில் திறவாமல் போகும். பழுது மாற்றத்தில் அன்று, முகவரியிலேயே இருப்பதுதான் காரணம். மாற்றும் முன் பின்வருவனவற்றைச் சரிபார்ப்பது நலம்.

முதலாவது, நம் கணினியில் உள்ள கோப்புக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். நம் வன்தட்டில் ஒரு கோப்புறையில் உள்ள எக்ஸெல் கணக்குக்குக் கொடுத்த இணைப்பு நமக்கு மட்டுமே திறக்கும். பெறுபவரின் கணினியில் அப்படியொரு கோப்புறையே இராது. அத்தகைய கோப்புகளை மின்னஞ்சலில் தனி இணைப்புக் கோப்பாக அனுப்புவதே சிறந்தது; அல்லது அதன் பக்கங்களைத் தொகுப்பின் இறுதியிலேயே சேர்த்துவிடலாம்.

இரண்டாவது, இணைய முகவரி முழுமையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். இணைப்பின் மேல் வைத்துக் கண்ட்ரோல், கே ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் பவர்பாயிண்டில் முகவரிக் கட்டம் திறக்கும். அங்கே "எச்டிடிபிஎஸ்" என்பதில் தொடங்கி முழு முகவரியும் இருத்தல் வேண்டும். இடைவெளியோ, முற்றுப்புள்ளியோ தவறுதலாக ஒட்டியிருந்தால் நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, அசைவூட்டங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்லைடில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும் படங்கள், பிடிஎஃப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் நிற்கும். அடியில் சிக்கிய இணைப்பு கண்ணுக்கே புலப்படாமல் போகலாம். அத்தகைய ஸ்லைடை இரண்டு மூன்றாகப் பிரித்துவிடுவது எளிய தீர்வு.

நான்காவது, முதன்மையான முகவரிகளை "இங்கே காண்க" என்ற சொல்லுக்குப் பின்னால் மறைக்காமல், எழுத்தாகவும் ஒரு முறை பக்கத்தில் இடலாம். இணைப்பு அறுந்தாலும், கோப்பு காகிதத்தில் அச்சிடப்பட்டாலும், படிப்பவர் முகவரியைத் தாமே தட்டச்சு செய்துகொள்ள முடியும். முகவரி ஒரே வரியில் அடங்கினால் நல்லது. மிக நீண்டதாயின், அதற்குரிய கியூஆர் குறியீட்டைப் பக்கத்தின் ஓரத்தில் சேர்க்கலாம்.

மாற்றிய பின் செய்ய வேண்டியவை

மாற்றிய கோப்பை அதே கணினியில் திறந்து பார்ப்பது போதிய சோதனை ஆகாது. நம் கோப்புறைகளும், நாம் முன்பே உள்நுழைந்த கணக்குகளும் அங்கே திறந்தே இருப்பதால், எல்லா இணைப்புகளும் வேலை செய்வதாகத் தோன்றும். கோப்பைக் குடும்பத்தினர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்பி, அதில் ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்கிப் பார்ப்பதே உண்மையான சோதனை. மின்னஞ்சலின் முன்னோட்டத்தில் சில இணைப்புகள் இயங்காமல் இருக்கலாம். ஆகவே கோப்பைப் பதிவிறக்கி, பிடிஎஃப் செயலியில் திறந்து சோதிக்க வேண்டும்.

சோதனையில் ஓர் இணைப்பு தவறினால், பிடிஎஃப் கோப்பைத் திருத்த முயல்வதைவிட மூல ஸ்லைடில் திருத்தி மீண்டும் மாற்றுவதே மேல். இல்லையேல் இரண்டு கோப்புகளும் வெவ்வேறாகிவிடும். மின்னணுக் கையொப்பம் இட வேண்டிய ஆவணமாயின், சோதனை முழுவதையும் கையொப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கையொப்பமிட்ட பின் கோப்பைத் திருத்தினால் கையொப்பத்தின் செல்லுபடி கேள்விக்குள்ளாகும்.

திறக்காத கதவும் அகலத் திறந்த கதவும்

கூகுள் டிரைவ் போன்ற சேமிப்பிடங்களில் ஆவணங்களை வைத்து, அவற்றின் இணைப்பை மட்டும் ஸ்லைடில் தருவோர் பலர். இங்கே இணைப்பு பழுதின்றி இருந்தும் பெறுபவருக்கு "அனுமதி இல்லை" என்ற செய்தியே வரும். பகிர்வு அனுமதி அளிக்கப்படாததே காரணம்.

இதைத் தீர்க்க எண்ணி, "இணைப்பு உள்ள எவரும் காணலாம்" என்ற அமைப்பைச் சிலர் தேர்ந்தெடுக்கின்றனர். இது எதிர்முனைக்குச் செல்லும் தவறு. அந்தப் பிடிஎஃப் கோப்பு யார் யாருக்கெல்லாம் மேலனுப்பப்படுகிறதோ, அவர்கள் அனைவரும் நம் கணக்கு அறிக்கையையும் அடையாளச் சான்றுகளையும் காண முடியும். குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும், பார்க்கும் உரிமையை மட்டும் அளிப்பதே பாதுகாப்பானது. வேலை முடிந்ததும் அவ்வுரிமையையும் விலக்கிக்கொள்ளலாம். ஆதார் நகல் தர வேண்டிய இடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் ஏற்கப்படுமா என்று முதலில் கேட்டறிவதும் நன்று.

பல அலுவலகக் கணினிகளில் வெளிச் சேமிப்பிடங்களைத் திறக்கத் தடை உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே கடன் முடிவுக்கு இன்றியமையாத ஆவணம் எதையும் இணைப்பை மட்டும் நம்பி விடாமல், கோப்பாகவே சேர்த்து அனுப்புவது நலம்.

நாம் பெறுபவராக இருக்கும்போது

இணைப்பின் முகம் வேறு, முகவரி வேறு என்று மேலே கண்டோம். இதே உண்மையை மோசடிக்காரர்களும் நன்கு அறிவர். பக்கத்தில் வங்கியின் பெயரை எழுதி, பின்னால் தங்கள் தளத்தின் முகவரியை அவர்கள் வைக்க முடியும். ஆகவே பிறரிடமிருந்து வரும் பிடிஎஃப் கோப்பில் சொடுக்கும் முன், கணினியில் சுட்டியை இணைப்பின் மேல் நிறுத்தியும், கைப்பேசியில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தும் உண்மை முகவரியைப் பார்க்க வேண்டும்.

இதற்குத் துணையாக ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. இந்திய வங்கிகளுக்கென்றே "டாட் பேங்க் டாட் இன்" என்னும் தனி முகவரி முடிவை இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் இம்முகவரிக்கு மாற்ற வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. வங்கி அல்லாதோர் இம்முடிவைப் பெற இயலாது. அரசுத் தளங்கள் பெரும்பாலும் "டாட் கவ் டாட் இன்" என முடியும். எச்டிடிபிஎஸ்-ஐ அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியின் இறுதியையே பார்க்க வேண்டும். "பேங்க்" என்ற சொல் இடையில் எங்கேனும் வருவது சான்றாகாது.

இம்மாற்றம் நமக்கு இன்னொரு வேலையையும் தருகிறது. பழைய ஸ்லைடு தொகுப்புகளில் வங்கிகளின் முந்தைய முகவரிகள் இருக்கலாம். அவற்றை மீண்டும் பயன்படுத்தும் முன், புதிய முகவரிகளை இட்டுத் திருத்திக்கொள்வது நல்லது.

தவறான இணைப்பில் விவரங்களைத் தந்து பணம் இழக்க நேர்ந்தால், காலம் தாழ்த்தாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்து, உடனே வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

அனுப்பும் முன் ஐந்து கேள்விகள்

ஏற்றுமதிக் கட்டளை வழியே மாற்றினோமா? நம் கணினிக் கோப்புக்கு இணைப்பு ஏதும் உள்ளதா? முதன்மை முகவரிகள் எழுத்தாகவும் உள்ளனவா? பகிர்வு அனுமதி உரியவருக்கு மட்டும் உள்ளதா? வேறொரு கருவியில் ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்கிப் பார்த்தோமா? இவ்வைந்துக்கும் விடை கண்டுவிட்டு அனுப்புவதற்குப் பத்து நிமிடம் போதும். நம் கோரிக்கையைப் பரிசீலிப்பவர் வேண்டிய விவரத்தை அப்போதே காண்பார். கோப்பும் விளக்கக் கடிதத்துக்காகக் காத்திராமல் அடுத்த மேசைக்கு நகரும்.