உங்களுக்குத் தெரியுமா? – இசையின்பமும் மருந்தும்

நல்ல சங்கீதத்தைக் கேட்டு நாம் அடையும் ஆனந்தத்தில், மூளையில் சுரக்கும் டோபமின் என்னும் இரசாயனத்துக்கும் பங்குண்டு என்பதை, 2019-ஆம் ஆண்டு வெளிவந்த பார்ஸிலோனா நகரத்து ஆராய்ச்சியொன்று புலப்படுத்தியது. டோபமினைப் பெருக்கும் லெவோடோபா, அதன் செயலைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், யாதொரு குணமுமற்ற போலி மாத்திரை ஆகிய மூன்றையும் வெவ்வேறு தினங்களில் 27 பேருக்குக் கொடுத்து, இன்னதை உட்கொண்டோம் என்று அவர்கள் அறியாதபடியே பாடல்களைக் கேட்கச் செய்தபோது, லெவோடோபா இசையின்பத்தை மிகுவிக்க, ரிஸ்பெரிடோனோ அதைக் குறைத்தது. அதனினும் வியப்பு, பாடலை விலைகொடுத்து வாங்கும் ஆவலும் அவ்வாறே ஏறி இறங்கியதுதான்! ஆயினும், எம்மருந்தின் சகாயமுமின்றி, பிரியமான இசை மாத்திரமே டோபமினைச் சுரக்கச் செய்கிறது என்பதை மான்ட்ரியல் விஞ்ஞானிகள் 2011-லேயே மூளைப் படங்களின் வாயிலாகக் கண்டறிந்துவிட்டார்கள்.