பிஞ்சுக் கைக்கு அடுப்படிச் சாயம்

கோகுலாஷ்டமி அன்னைக்கு எங்க தெருவில் பல வீடுகளில் வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் குட்டிக் குட்டிப் பாதங்கள் போகும். கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஓர் ஒத்து. விரல் நுனியால் மேலே ஐந்து பொட்டு. கிருஷ்ணர் பாதம் ரெடி. போன வருஷம் என் மகளுக்கு இரண்டு வயசு. அம்மாச்சி போட்ட பாதங்கள் மேல பூராம் உள்ளங்கையை வச்சு அப்பிவிட்டாள். நான் அதட்டப் போனேன். "விடுத்தா, அவளுந்தான் போடட்டுமே" என்றார் அம்மாச்சி. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன்.

இந்த வயசுப் பிள்ளை படம் வரைவதில்லை. தன் கை அசைந்தால் ஒரு தடம் விழுகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ரோடா கெல்லாக் ஏராளமான குழந்தைக் கிறுக்கல்களைச் சேகரித்து, புள்ளி, கோடு, வளையம் என்று 20 அடிப்படை வகைகளாகப் பிரித்தார். வீடும் மனுஷனும் சூரியனும் பின்னால் இவற்றிலிருந்துதான் வருகின்றன என்பது அவர் கருத்து. ஆகவே கோட்டுக்குள் கலர் அடிக்கச் சொல்லி இரண்டு வயசில் பாடாய்ப் படுத்த வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. கையில் இருப்பது எதுவானாலும் வாய்க்குப் போகும். வீட்டில் மிஞ்சிய பெயின்ட் டப்பாவைக் கொடுக்கவே கூடாது. பெயின்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய டப்பா அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கலர் கோலப்பொடியும் தரைக்குத்தான், வாய்க்கு இல்லை. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்குவோமே, அதுவும் வேணாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

அடுப்படியிலேயே சாயம் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் அரிசிமாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிடுங்க. பழைய பணியாரச் சட்டிதான் தட்டு. குழிக்கு ஒரு நிறம்: மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, அரைத்து வடித்த முருங்கைக்கீரை, காபி டிகாக்‌ஷன். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம். அதில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். எங்க வீட்டில் அதிகக் கைதட்டல் இதற்குத்தான். மதுரை வெயிலுக்குக் கஞ்சி சீக்கிரம் புளித்துவிடும், அன்றைக்கே கொட்டிவிடுங்க.

இனி விளையாட்டு. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து முதல் நாள் வெறும் விரல் மட்டும். அடுத்த நாள் அச்சு: வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கி ஒத்தினால் ஐந்து இதழ்ப் பூ, பாதி வெங்காயத்தில் வளையத்துக்குள் வளையம். வாழைத்தண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, பிஞ்சுக் கைக்குப் பிடிக்க வாகாக இருக்கும். மூன்றாவது, சாயமே இல்லாத விளையாட்டு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் ஒரு கிண்ணம் தண்ணீரும் பழைய பிரஷும். இழுத்த கோடு கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறையும், பிள்ளை மறுபடி இழுக்கும். அரைமணி நேரம் உங்களுக்கு ஓய்வு. ஆனால் பக்கத்திலேயே உட்காருங்க; மொட்டைமாடியும் தண்ணீரும் பிள்ளையைத் தனியே விடுகிற இடமில்லை.

மஞ்சள் கறைக்குப் பயப்பட வேணாம். சோப்புப் பட்டதும் அது செக்கச் செவேலென்று மாறும்; நானும் முதல் தடவை பதறினேன். சோப்பில் இருக்கும் காரம்தான் காரணம். அலசி நல்ல வெயிலில் போட்டால் கறை வெளுத்துவிடும். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!

இந்த வருஷம் பாதம் போடும்போது மகளுக்கும் ஒரு கிண்ணம் மாவு தனியாக வைக்கப் போகிறேன். அதற்கு அது கிருஷ்ணர் பாதமாக இருக்க வேண்டியதில்லை. அவள் கைத்தடமாக இருந்தால் போதும்.